சவுக்குத் தோப்பில் ஒரு கலைக் கிராமம்

சோழமண்டலம் என்னும் நம் கடற்கரையின் பெயரை மேலைநாட்டு வணிகர் தம் நாவுக்கு இசைந்தவாறு கோரமண்டல் என்று மாற்றி வழங்கினர். அப்பழைய பெயரை மீண்டும் தாங்கி நிற்கும் சிற்றூர் ஒன்று சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கின்றது. அங்கே கோட்டையும் இல்லை; கொத்தளமும் இல்லை. தூரிகையும் சுத்தியலும் ஏந்திய கைகள் தம் சொந்த உழைப்பின் ஊதியத்தைக் கொண்டு நிலம் வாங்கி எழுப்பிய ஊர் அது. சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று அதனை அழைக்கின்றனர்.

குமரி மாவட்டத்திலிருந்து உறவினர் இல்லத் திருமணத்திற்காகச் சென்னை சென்ற நாங்கள், ஒருநாள் பொழுதை இக்கிராமத்தைக் காண்பதற்கென்றே ஒதுக்கினோம். மேனிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருந்த எங்கள் மகளும், எண்பதை நெருங்கும் எங்கள் அம்மாவும் உடன் வந்தனர். மகளுக்கு ஓவியம் பயில வேண்டும் என்பது விருப்பம். திருமண வீட்டில் இச்செய்தி பரவியதும், ‘படம் வரைந்தால் பானையில் சோறு வேகுமா?’ என்று பெரியவர்கள் பலர் கேட்டனர். கேட்டவர்கள் எல்லாரும் எங்கள்மேல் அன்புடையவர்களே. ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எங்கள் உள்ளத்திலும் அவ்வினா இருந்தது என்பதை மறைப்பானேன்? ஆகவே, அவ்வினாவுக்கு விடை தேடும் நோக்கத்தோடுதான் புறப்பட்டோம் எனலாம்.

வழியும் வாயிலும்

திருவான்மியூரைக் கடந்து கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று ஊர்கள் ஒன்றையொன்று தழுவியவாறு செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து எங்களைக் கொண்டு சென்றது. கடலும் சாலையும் அண்டை வீட்டாரேயாயினும், இடையே எழும்பிவிட்ட மாடிக் கட்டடங்கள் கடலை நம் கண்ணுக்குக் காட்டுவதில்லை. காற்றில் கலந்த உப்பின் மணம் ஒன்றே அது அருகில் இருப்பதை உணர்த்திற்று.

கிராமத்தினுள் கால் வைத்ததும் சாலையின் இரைச்சல் பின்தங்கி விட்டது. மரங்களின் நிழலில் கருங்கல்லிலும் உலோகத்திலும் அமைந்த சிற்பங்கள் ஆங்காங்கே நிற்கின்றன. சில மனித வடிவங்கள். சில எவ்வடிவம் என்று எளிதில் கூற இயலாதவை. ‘இது என்ன?’ என்று அம்மா கேட்ட ஒவ்வொரு முறையும் நாங்கள் விழித்தோம். மகள் மட்டும், ‘என்னவென்று கேட்காமல், அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள் பாட்டி’ என்றாள். அம்மாவும் சுற்றி நடந்தார்கள். ‘முன்னால் கல், பின்னால் வந்தால் ஒரு அம்மாள் குனிந்து நிற்கிற மாதிரி இருக்கிறது’ என்றார்கள். கண்காட்சியைக் காணும் முறை எங்களுக்கு அவ்விடத்திலேயே விளங்கிவிட்டது.

பசிக்கு விடை தேடியவர்கள்

இக்கிராமத்தின் வரலாறு சென்னையிலுள்ள கலைக் கல்லூரியோடு பிணைந்தது. 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளியே பின்னர் அரசு கவின் கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் தலைமைப் பொறுப்பை 1929-இல் ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்க முனையும் நான்கு தொழிலாளரைக் காட்டும் உழைப்பாளர் சிலையை அறியாதார் யார்? அது அவர் கைவண்ணமே. அவருக்குப் பின் 1957-இல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் பிறந்தது 1911-இல், கோயம்புத்தூரில். இளமையிலேயே தந்தையை இழந்து, குடும்பத்தைத் தாங்கும் பொருட்டுப் படிப்பை இடையில் நிறுத்தித் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். தம் 25-ஆம் வயதில்தான் கலைப் பள்ளியில் மாணவராக நுழைந்தார். பசியின் இயல்பை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர் அவர். எனவேதான், கல்லூரியை விட்டு வெளியேறும் திறமைமிக்க இளைஞர்கள் படங்களை விற்க வழியின்றி, வேறு வேலைகளில் அமர்ந்து, சில ஆண்டுகளில் தூரிகையையே மறந்துவிடும் அவலம் அவர் உள்ளத்தை வருத்தியது.

அவரும் அவருடைய மாணவர்களும் கண்ட வழி மிக எளியது. ஓவியத்தை வாங்குவார் இல்லையென்றால், வாங்குவார் உள்ள பொருளை ஓவியனே செய்து விற்கட்டும். அவ்வருவாயில் அவன் உண்ணட்டும். மீந்த நேரத்தில் யாருக்கும் கைகட்டி நில்லாமல் தன் ஓவியத்தைப் படைக்கட்டும் என்பதே அது. அவர்கள் ஒரு கைவினைச் சங்கமாக ஒன்றுகூடிப் பாடிக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்தனர். உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தைச் சாயம் தீண்டாது. பின்னர் வெந்நீரில் மெழுகை அகற்றினால் கோலம் வெண்மையாய் நிற்கும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நரம்பைப் போல் ஓடியிருக்கும். இதுவே பாடிக். அத்துணிகளுக்கு நல்ல வரவேற்புக் கிட்டியது.

அவ்வருவாயைக் கொண்டு ஏறத்தாழ 8 ஏக்கர் நிலம் வாங்கி, 1966-ஆம் ஆண்டில் இக்கிராமத்தை நிறுவினர். இன்றைய அகன்ற சாலை அன்று இல்லை. மணலும் சவுக்குமாகக் கிடந்த அந்நிலத்தில் குடிசை போட்டுக் குடியேறியவர்களை உலகம் வியப்போடுதான் பார்த்திருக்கும். ஆயினும் அவர்கள் நிலைத்தனர். அரசின் கொடையாகவோ செல்வரின் தயவாகவோ அன்றித் தம் கைப்பொருளால் எழுந்த ஊர் என்பதே அதன் தனிச்சிறப்பு.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, ‘அப்படியானால் இவர்கள் சோற்றுக்கு ஒரு வேலையும் மனசுக்கு ஒரு வேலையும் வைத்துக்கொண்டார்கள்’ என்று கூறினார்கள்.

கணக்கு ஏட்டில் பிறந்த ஓவியம்

2009-ஆம் ஆண்டில் இங்கே திறக்கப்பெற்ற கலை மையத்தில், சென்னைக் கலை இயக்கத்தைச் சார்ந்தவர்களின் ஓவியங்களும் சிற்பங்களும் நிலையான காட்சியாக வைக்கப்பட்டுள்ளன. அவ்வியக்கத்தார் ஐரோப்பியரைப் போல் வரைவதிலும் நிறைவு கொள்ளவில்லை. பழைய கோயில் ஓவியங்களை அப்படியே படியெடுப்பதிலும் நிறைவு கொள்ளவில்லை. தம் மண்ணின் கோடு எது, தம் மக்களின் வடிவம் எது என்று தேடினர்.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். எழுத்தைப் போன்றிருந்தும் படிக்க முடியாத வரிகள், சாதகக் கட்டங்களைப் போன்ற பெட்டிகள், நடுநடுவே சிறு உருவங்கள். பழைய ஓலைச்சுவடி ஒன்றை விரித்து வைத்தாற்போன்ற தோற்றம். 1963-ஆம் ஆண்டளவில் தொடங்கிய இவ்வரிசைக்குத் தூண்டுதலாய் இருந்தது எது என்பதைப் பணிக்கரே சொல்லியிருக்கின்றார். வணிகவியல் பயிலும் மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம்! எண்களும் இயற்கணிதக் குறிகளும் வரைபடக் கோடுகளும் நெருங்கிக் கிடந்த அப்பக்கம் அவருக்குப் புதியதோர் ஓவிய மொழியைக் காட்டிற்று.

கணக்கு நோட்டு இல்லாத வீடு நம்மில் எது? நாள்தோறும் நம் பிள்ளைகள் மேசைமீது திறந்து வைத்துவிட்டுப் போகும் பொருள்தானே அது? மதிப்பெண் எத்தனை என்று நாம் பார்க்கின்றோம். பிழை எங்கே என்று ஆசிரியர் பார்க்கின்றார். அதன் கோடுகளும் குறிகளும் ஒன்றோடொன்று எவ்வாறு அமர்ந்துள்ளன என்று ஒருவர் பார்த்தார். படைப்பூக்கம் என்பது வானத்திலிருந்து திடீரென இறங்கும் மின்னல் என்றுதான் நாங்கள் பலகாலமாகக் கேள்விப்பட்டிருந்தோம். கையருகே கிடக்கும் பொருளைப் பொறுமையோடு உற்று நோக்குவதில் அது தொடங்குகின்றது என்பதற்கு அவ்வோவியம் சான்றாக எங்கள் முன் நின்றது.

தகட்டில் எழுந்த திருமுகம்

சிற்பி பி.வி. ஜானகிராமின் கதையும் இத்தகையதே. கோயில்களில் தெய்வ உருவங்களுக்கு அணிவிக்கும் உலோகக் கவசங்களையும் கதவுகளைப் போர்த்திய புடைப்புத் தகடுகளையும் கண்டு வளர்ந்த அவர், அதே முறையைத் தம் சிற்பங்களுக்குக் கொண்டு வந்தார். செப்புத் தகட்டைத் தட்டிப் புடைத்து, அதன்மேல் கம்பிகளையும் சிறு துண்டுகளையும் பற்றவைத்து, முன்புறத்திலிருந்து நோக்கத்தக்க உருவங்களை அவர் அமைத்தார். அம்முறையில் அவர் படைத்த கிறிஸ்துவின் உருவங்கள் புகழ் வாய்ந்தவை.

தகட்டுச் சிற்பங்களைப் பார்த்தவுடன் அம்மாவுக்கு வேளாங்கண்ணி நினைவு வந்துவிட்டது. நேர்ச்சையாகச் செலுத்தும் கண், கை, கால் வடிவத் தகடுகளை நாமெல்லாம் திருத்தலங்களில் கண்டிருக்கின்றோம். நோயும் நன்றியும் ஒரு சிறு தகட்டில் பதிந்து கிடப்பதை அறிந்தவர்களுக்கு, செப்புத் தகட்டில் ஒரு திருமுகம் எழுவது அந்நியமாகத் தோன்றாது.

பணிக்கரும் மலைப்பொழிவின் வாக்கு ஒன்றையே தலைப்பாகக் கொண்டு, அமைதியை நாடுவோரைப் பற்றி ஓர் ஓவியம் தீட்டியவர். இவர்கள் நம் சமயத்தில் பிறந்தவர்கள் அல்லர். ஆயினும், துன்புறும் மனிதனை வரைய முற்பட்டபோது அவர்களுடைய தூரிகையும் சுத்தியலும் நாசரேத்தூர்த் தச்சரின் மகனைத் தேடிச் சென்றுள்ளன. நம் இல்லங்களில் அச்சகங்கள் தந்த ஒரே வகைப் படங்களையே தலைமுறை தலைமுறையாக மாட்டி வைத்திருக்கும் நமக்கு, இது சற்றே சிந்திக்கத்தக்க செய்தியன்றோ?

மறைக்கக்கூடாத ஒரு துயரம்

இக்கிராமத்தில் எல்லாம் இன்பமாகவே முடிந்தன என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. கே. ராமானுஜம் என்னும் இளைஞர் இங்கே வாழ்ந்தார். பேச்சில் தடை, உள்ளத்தில் நோய். பலரும் ஒதுக்கிய அவரைப் பணிக்கர் மாணவராக ஏற்று ஆதரித்தார். ராமானுஜத்தின் பேனாவிலிருந்து நகரங்களும் மாளிகைகளும் விந்தையான விலங்குகளும் மயிரிழை போன்ற கோடுகளாகப் பெருகின. அக்கனவு மாளிகைகளினிடையே தொப்பியணிந்த மனிதராகத் தம்மையும் அவர் வரைந்துகொண்டார். வாய் பேசத் தயங்கியதையெல்லாம் கை பேசியது. ஆயினும் 1973-ஆம் ஆண்டில், முப்பதைச் சற்றே கடந்த வயதில், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

கலை அவரைக் காப்பாற்றவில்லையே என்று எங்கள் மகள் வருந்தினாள். அவள் கையைப் பற்றிக்கொண்டு சற்றுநேரம் அமைதியாக இருந்தோம். கோடு வரையும் கைக்கும் ஒரு துணை வேண்டும். உள்ளத்தின் நோய்க்கு மருத்துவமும் உடனிருப்போரின் கவனமும் வேண்டும். திறமையுள்ள பிள்ளைக்குத் திறமையே போதும் என்று பெற்றோர் இருந்துவிடலாகாது. இதையும் அக்கிராமம் எங்களுக்குக் கற்பித்தது.

ரேந்தையும் ஓவியமே

கலை மையத்தை ஒட்டியுள்ள காட்சிக்கூடங்களில் இளங்கலைஞர்கள் தம் படைப்புகளை அவ்வப்போது காட்சிக்கு வைக்கின்றனர். நாங்கள் சென்ற நாளிலும் ஒரு சிறு கண்காட்சி நடைபெற்றது. மீன்வலைகளையே பொருளாகக் கொண்டு ஓர் இளம்பெண் வரைந்த படங்கள் சுவரை நிறைத்திருந்தன. கிழிந்த வலை, தைத்த வலை, மணலில் உலரும் வலை என்று கருமையில் ஓடும் கோடுகள். அம்மா அவற்றின் அருகில் சென்று, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முடிச்சு முடிச்சாகப் பார்த்தார்கள்.

எங்கள் அம்மா ரேந்தை பின்னியவர். பெல்ஜிய நாட்டிலிருந்து வந்த கன்னியர் 1897-ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய முளகுமூட்டுப் பகுதியில், பின்னல் வேலை எத்தனையோ ஏழைப் பெண்களுக்குக் கைத்தொழிலாகியது. திண்டின்மீது ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் அக்கலையை அம்மா சிறுவயதில் கற்றார்கள். எங்கள் பள்ளிக் கட்டணங்கள் பல அத்திண்டின்மீதுதான் பிறந்தன. அதை ஒரு தொழில் என்றே நாங்கள் அறிந்திருந்தோம்.

வலைப் படத்தின் முன் நின்ற அம்மா பேத்தியிடம் சொன்னார்கள்: ‘நாங்கள் கூலிக்குத்தான் பின்னினோம், மக்களே. பத்துப் பூ வேண்டும் என்று மாதிரி கொடுப்பார்கள். ஒன்பது பூ மாதிரியில் உள்ளபடி இருக்கும். ஒரு பூவாவது என் மனசுப்படி இருக்கும். எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.’

பிற்பகலில் மரத்தடியில் அமர்ந்து கட்டுச்சோற்றை உண்ட பின், மகள் தன் வரைதாளை எடுத்தாள். சிற்பங்களை வரைவாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ பாட்டியின் கைகளை வரைந்தாள். ‘ரேந்தை பின்னும்போது விரல்கள் எப்படி இருக்கும் பாட்டி, காட்டுங்கள்’ என்று கேட்டு, இல்லாத கட்டைகளை இருப்பதுபோல் அம்மா அசைத்துக்காட்ட, ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டுத் தாள்களை நிரப்பினாள். வீட்டில் நாள்தோறும் கண்ட கைகள்தாம் அவை.

இல்லங்களுக்கு ஒரு சொல்

படம் வரைந்தால் பானையில் சோறு வேகுமா என்ற வினாவுக்கு, வேகும் என்று உறுதி கூற எங்களால் இயலாது. இக்கிராமத்தார் வாழ்வும் அவ்வாறு உறுதி கூறவில்லை. தூரிகையை மட்டுமே நம்பி இராமல், துணியிலும் உலோகத்திலும் கை பழகி, ஒருவரையொருவர் தாங்கியதால்தான் அவர்கள் நிலைத்தனர். ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம் ஆகிய புகழ்மிக்க ஓவியர்களும் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றிக்கொண்டே ஓவியம் தீட்டியவர்கள். காந்தியடிகளைக் கோடுகளால் வடித்த ஆதிமூலம், தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்த படங்கள் வழியாகவும் நம் இல்லங்களுக்குள் வந்தவர். பிழைப்புக்கான வேலை அவர்களுடைய கலையைக் கொன்றுவிடவில்லை.

எங்கள் மகள் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இசைந்துள்ளோம். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. வரைதிறனைச் சோதித்தே அங்கு மாணவரைச் சேர்க்கின்றனர். இடம் கிடைக்குமா என்பது இதை எழுதும் நாளில் எங்களுக்குத் தெரியாது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வருமானம் தரத்தக்க கைத்தொழில் ஒன்றையும் உடன் பயில வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். ரேந்தை பயில்வதாக அவளே கூறினாள். பரண்மேல் கிடந்த திண்டு இப்போது தூசி தட்டப்பெற்று அம்மாவின் கட்டிலருகே இருக்கின்றது.

நிறுவியவர்களுள் பணிக்கர் 1977-இலும், சுல்தான் அலி 1990-இலும், ஜானகிராம் 1995-இலும் மறைந்தனர். பணிக்கரின் மகனும், இயற்பியல் பட்டம் பெற்ற பின் சிற்பக் கலைக்கு வந்தவருமான நந்தகோபால் 2017-இல் மறைந்தார். ஆயினும் அவர்கள் கட்டிய ஊரின் வாயில் நமக்குத் திறந்தே இருக்கின்றது. சென்னை செல்லும் குடும்பங்கள் கடற்கரையையும் கடைவீதியையும் கண்டு திரும்பாமல், அரைநாள் பொழுதை இதற்கும் ஒதுக்கலாம். மாமல்லபுரம் செல்வோருக்கு இது போகும் வழியிலேயே உள்ளது.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளின் கைவேலைக் கண்காட்சி நடக்கின்றது. பரிசு யாருக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல், ஒவ்வொரு படத்தின் முன்னும் சற்று நின்று பாருங்கள். வரைந்த பிள்ளை அருகில் இருந்தால் எதைப் பார்த்து வரைந்தாய் என்று கேளுங்கள். முடிந்தால் வீட்டு முதியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரிவதில்லை.